எட்டுக் கண்ணும் பளிச்சென்று

குளியலறையில் இருந்தவர்கள்: ஸ்டூல்மேல் கேமராவோடு மருமகன், டார்ச்சோடு மாமனார், வாசலில் துண்டோடு மனைவி, கூரையோரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி.

கண்காட்சிக்குப் படம் அனுப்ப அன்றே கடைசி நாள். புகைப்படக் கழகம் இதுவரை அவன் அனுப்பிய அத்தனையையும் மங்கல் என்று திருப்பியிருந்தது. இதுவும் திரும்பினால் கேமராவைப் பரணில் ஏற்றிவிடுவதாக மனைவியிடம் வாய்விட்டிருந்தான்.

"கண்ணு தெளிவா விழணும் மாமா. மூச்சு விட்டாக்கூட ஆடிரும்."

"விடாம எப்படி மாப்ள இருக்கிறது?"

முதல் படம் கலங்கல். காற்று என்றான். ஜன்னல் விசிறியை நிறுத்தினான். மாமனார் சற்றுமுன் குளித்த வெந்நீரின் ஆவி போக வழியில்லாமல் லென்ஸில் வந்து உட்கார்ந்தது.

துடைத்து எடுத்தான். மறுபடியும் கலங்கல். வாஷிங் மெஷின் தரையை அதிரவைக்கிறது என்று பிளக்கைப் பிடுங்கினான்.

"ஐயோ, ஆபீசுக்குப் போடுற துணி உள்ள இருக்குங்க! நடுவுல நிறுத்துனா அது கதவே திறக்காது!"

"கத்தாதே, ஓடிப்போயிடும்."

"நான் எதைப் போட்டுட்டுப் போறது? இந்தத் துண்டையா?"

"உங்கப்பா பேண்ட்டைப் போட்டுக்கோ."

மாமனார் ஒரு கையால் பேண்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். டார்ச் ஆடியது. அந்தப் படமும் போயிற்று.

"ரெண்டு பேரும் மூச்சைப் பிடிங்க!"

பிடித்தார்கள். மாமனாரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. அவன் கேமராவை மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்தி வரிசையாக எடுத்துத் தள்ளினான். கூடத்துக்கு ஓடி, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒரே படமாக அடுக்கினான்.

எட்டுக் கண்ணும் பளிச்சென்று இருந்தன. கால் முடியை எண்ணலாம்.

"பாத்தியா? இந்த வீட்ல என் பேச்சைக் கேட்டு அசையாம நின்னது அது ஒண்ணுதான்."

'இரைக்குக் காத்திருக்கும் சிலந்தி' என்று தலைப்புப் போட்டு அனுப்பியும் விட்டான். அவன் கண்கள் கலங்கின. மனைவிகூடக் கோபத்தை மறந்து தோளில் தட்டக் கை நீட்டினாள்.

சமையலறையிலிருந்து வந்த மாமியார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா விழுந்திருக்கு மாப்ள. ஆனா இது சிலந்தி உரிச்சுப் போட்ட தோலு. சிலந்தி உங்க முதுகுல இருக்கு."

நீட்டிய கையாலேயே மனைவி அவனைப் பால்கனிக்குத் தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.