செத்த விதைக்கு உயிர் கொடுத்தவர்

செத்த விதைக்கு ஒருவர் உயிர் கொடுக்கிறாராம். ஊரே திரண்டுவிட்டது. தையல்காரர் பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளைக் காதைத் திருகிக் கணக்குப் படிக்க வைத்த ஓய்வுபெற்ற வாத்தியார் முதல் வரிசையில் கைகட்டி நின்றார்.

போன வருஷம் கடல் உள்ளே வந்து போனதிலிருந்து நிலமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. உவர்மண்ணைத் தாங்கும் தீவனச் செடி என்று சொல்லி விவசாய அலுவலகத்தில் விதை கொடுத்தார்கள். ஜனங்கள் கொளுத்தும் கோடையில் விதைத்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. விதை செத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். மழைதான் வரவில்லை, சாமியார் வந்துவிட்டார்.

பெயர் உயிர்கொடுத்தார். அவரே சூட்டிக்கொண்டது.

கடல்நீரில் ஒரு மாதம் ஊறிய விதையைக் கையில் எடுப்பார். ஏழு பிறவிப் பாவம் தொலைய வேண்டுமாம். ஜீவநீர் என்று தாமே பெயரிட்ட தண்ணீரால் ஏழு தடவை கழுவுவார். குளிர்ந்த இருட்டறையில் ஈரத்துணியில் முடிந்து வைப்பார். மூன்றாம் நாள் பிரித்தால் வெள்ளை வெள்ளையாய் முளை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஒரு குடம் ஜீவநீருக்கு ஓர் ஆடு. வாங்கிப் போய் வயலில் தெளித்தவர்களுக்கு ஒரு புல்லும் கிளம்பவில்லை. போய்க் கேட்டால், நம்பிக்கை போதவில்லை, இன்னொரு குடம் வாங்கு என்றார். வாங்கினார்கள்.

அந்த ஊரில் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்காவிடம் மிஞ்சியது ஒரே ஒரு பாலாடு. அதன் பாலைக் குடித்துத்தான் அவளுடைய ஒரு வயதுக் குழந்தை வளர்கிறது. அதையும் ஓட்டிப் போகக் கயிற்றை அவிழ்த்தாள். தங்கை கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"தீவனம் முளைக்கலேன்னா எப்படியும் ஆடு சாகத்தானே போகுது? விடுடி."

"மூணு நாள் பொறு அக்கா. சும்மா ஒரு தடவை சோதிச்சுப் பார்ப்போம்."

"நீ தட்டு கழுவுறவ. அவரு உயிர் கொடுக்கிறவரு."

உண்மைதான். தங்கை விதைப் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவுபவள். உப்புநீர்த் தட்டில் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த விதைகள், குழாயில் அலசி வைத்ததும் முளைவிட்டதை எட்டு வருஷமாகப் பார்த்தவள். சூடு கூடக்கூட, கொஞ்சம் உப்புக்கே அவை முரண்டு பிடிப்பதும் தெரியும். கூட்டத்தில் பேசத்தான் வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று ஆட்டுக்காகப் பேசினாள்.

சாமியார் விதை ஊறவைத்த கடல்நீர்ப் பானையிலிருந்தே அறுபது விதை எடுக்கச் சொன்னாள். இருபதை அவர் ஜீவநீரில் ஏழு தடவை கழுவட்டும். இருபதைத் தான் தெருக்குழாய்த் தண்ணீரில் ஏழு தடவை கழுவுவதாகச் சொன்னாள். இரண்டு முடிச்சும் அவருடைய அறையிலேயே இருக்கட்டும். மீதி இருபதைக் கழுவாமல், வயல்மண் நிரப்பிய சட்டியில் இட்டு, ஜீவநீர் தெளித்து வெயிலில் வைக்க வேண்டும். அறைச் சாவியும் சட்டிக்காவலும் வாத்தியாரிடம்.

குழாய்த் தண்ணீரில் சாபம்தான் முளைக்கும் என்று உயிர்கொடுத்தார் சிரித்தார். மறுக்க முடியவில்லை. மறுத்தால் வரிசையில் நின்ற ஆடுகள் திரும்பிப் போய்விடும்.

மூன்றாம் நாள் வாத்தியார் எண்ணினார். ஜீவநீர் முடிச்சில் பதினேழு. குழாய்நீர் முடிச்சில் பதினெட்டு. சட்டியில் பூஜ்யம்.

"என் பார்வை அந்தக் குழாய்த்தண்ணி முடிச்சுலயும் பட்டிருக்கும்" என்றார் உயிர்கொடுத்தார்.

"சட்டியில உங்க தண்ணியே பட்டுச்சே. பார்வை படலையா?" என்றார் வாத்தியார். எண்ணிவிட்டு மறுபடி கட்டிக்கொண்ட கை இப்போது பிரிந்தது.

தங்கை சட்டியைக் கிளறி விதைகளைப் பொறுக்கிக் குழாயில் அலசினாள். "இது சாகல. உப்பும் சூடும் சேர்ந்து அமுக்கி வெச்சிருக்கு. அவரு குடத்துல ஒண்ணுமில்ல. கழுவினதுல உப்பு போச்சு, அவ்வளவுதான். நல்லா மழை பெஞ்சு உப்பு இறங்கட்டும், வெயில் தணியட்டும், அப்புறம் விதைங்க. இதையும் மூணு நாள் வெச்சுப் பாருங்க."

அந்த மூன்று நாள் முடியும்வரை உயிர்கொடுத்தார் ஊரில் இருக்கவில்லை. ஆடுகளைத் தேடிப் போனவர்கள் கசாப்புக் கடையில் தோல்களைத்தான் கண்டார்கள். உயிர் கொடுக்கிறவரின் கைராசி அப்படி.

அக்கா ஆட்டைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினாள்.

சட்டி விதையில் பதினாறு முளைத்தது. உப்பில் தலைநீட்டினால் பிழைக்க மாட்டோம் என்று நல்ல தண்ணீர் வரும்வரை பொறுத்துக் கிடக்கிறது, கடுகளவு விதை. அதற்கு மூளை கிடையாது. இருக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.