இன்ஜினியர் வாய் திறந்தார்

லேப்டாப் திரையின் மூலையில் தெரிந்த பெருக்கல் குறியை டோக்கன் அக்கா மூன்றாவது முறையாகக் கைக்குட்டையால் துடைத்தாள். அழுக்காக இருந்தால் போயிருக்கும். இன்டர்நெட் இல்லை என்று சொல்வதற்காக லேப்டாப்பே போட்ட குறி அது. துடைக்கத் துடைக்கப் பளிச்சென்று தெரிந்தது.

மணி பத்தே முக்கால். பதினொன்றரைக்கு டாக்டரம்மா ஒரு நோயாளிக்குப் பல் வேர் சிகிச்சை செய்வதை இந்த லேப்டாப் வழியாக இருநூறு பல் டாக்டர்கள் நேரலையில் பார்க்கப் போகிறார்கள். அதாவது, இன்டர்நெட் வந்தால் பார்ப்பார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பல் ஆஸ்பத்திரியின் வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்ததில் வந்த பட்டம்தான் 'டோக்கன் அக்கா'. அந்த மேஜைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. டாக்டரம்மாவின் அண்ணன் மகன் டோக்கன் மெஷின் விற்கிறான்.

"பட்டனை அமுக்கினா சீட்டு வந்துடும் அத்தை. லீவு கேக்காது, எதிர்த்துப் பேசாது, மத்தியானம் ஆனா கொட்டாவி விடாது" என்று ஒரு மாதமாக ஓதிக்கொண்டிருந்தான். கடைசியாகச் சொன்னதுதான் டோக்கன் அக்காவுக்கு ரொம்ப உறைத்தது. அது உண்மை.

லேப்டாப்பைத் தயார் செய்ய ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவனும் அவனேதான். பத்தரைக்குப் போன் செய்தால், "இதோ வந்துட்டே இருக்கேன் அத்தை, கையோட மெஷினையும் எடுத்துட்டு வர்றேன்" என்றான். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இங்க இருந்தா நான் ஏன் இவனை நம்பிக்கிட்டு இருக்கப் போறேன்?"

டோக்கன் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா? நான் செட் பண்றேன் டாக்டர்."

"நீயா?"

"நானேதான். யார் உதவியும் இல்லாம."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பண்ணிட்டா மெஷின் பேச்சையே எடுக்க மாட்டேன். பண்ணலைன்னா அவன் கொண்டு வர்றதை வாசல்ல வைக்க வேண்டியதுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அப்படித்தான், டிவி ரிமோட்டில்கூட மூன்று பட்டன்களுக்கு மேல் தொட்டிராத டோக்கன் அக்கா லேப்டாப்பின் முன்னால் வந்து நின்றாள்.

திரையில் ஆஸ்பத்திரியின் பெயர் தெரிந்தது. அதைத் தொட்டதும் பாஸ்வேர்ட் கேட்டது. டாக்டரம்மாவின் போன் நம்பரைப் போட்டாள். தப்பு. ஆஸ்பத்திரி நம்பர். தப்பு. 'பல்' என்று போட்டுப் பார்த்தாள். அதுவும் தப்பு.

வைஃபை பெட்டியின் பின்னால் ஏதோ துண்டுச் சீட்டு ஒட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. பெட்டி சிகிச்சை அறையில், நோயாளி படுக்கும் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு பலகையில் இருந்தது. நாற்காலியில் இன்றைய நேரலையின் நாயகர் ஏற்கெனவே படுத்திருந்தார். காலையில் முதல் ஆளாக வந்த தடித்த மனிதர். மரத்துப்போக ஊசி போட்டு, வாய் மூடாமல் இருக்க ரப்பர் கட்டை வைத்து, பஞ்சு அடைத்து, கழுத்தில் துண்டு கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் மன்னிச்சுக்குங்க சார்" என்று அவர் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பிச் சீட்டில் இருந்ததை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்புக்கு ஓடினாள்.

அந்தப் பாஸ்வேர்டும் தப்பு. டாக்டரம்மாவின் மருமகப்பிள்ளை, அதாவது அந்த மெஷின் விற்கிறவன், எப்போதோ அதை மாற்றிவிட்டுச் சீட்டை மாற்றாமல் போயிருந்தான்.

உள்ளே நாற்காலிக்காரர், "ஆ… ஆ…" என்று கையை மேலே தூக்கினார்.

"வலிக்குதா? பயப்படாதீங்க" என்று டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டார்.

வரவேற்பறையில் ஆறு பேர் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வீங்கிய கன்னத்துக்காரர் ஒருவர் மட்டும் நிமிர்ந்தார். "நெட் பிரச்னையா? ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா. எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதான் வைத்தியம்."

நல்ல யோசனையாகப் பட்டது. டோக்கன் அக்கா மறுபடி உள்ளே போய்ச் சுவரோரம் இருந்த பிளக்குகளில் ஒன்றைப் பிடுங்கினாள். பெட்டியின் பச்சை விளக்குகள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. அணைந்தது நாற்காலி. பதறிப்போய்த் திரும்பச் சொருகினாள். நாற்காலிக்கு உயிர் வந்து, 'ங்ஙீ' என்று முனகி, கால் பக்கத்தை மேலே தூக்கி, தலைப் பக்கத்தைக் கீழே இறக்கி, அந்த நிலையிலேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா எந்தப் பட்டனை அமுக்கியும் அது அசைந்து கொடுக்கவில்லை.

"என்னம்மா பண்றே நீ?"

"ஒரே நிமிஷம் டாக்டர்!"

தலைகீழாகக் கிடந்த நாற்காலிக்காரரின் கண்கள் பிதுங்கின. "ஆ! ஆ! ஆ!" என்று விரலை மேலே மேலே குத்திக் காட்டினார்.

"ஐயோ பாவம், ரொம்ப வலி போல இருக்கு" என்று டாக்டரம்மா மூன்றாவது ஊசியை எடுத்தார். இப்போது அவருக்குக் காது வரைக்கும் மரத்துப்போயிருக்கும்.

மணி பதினொன்று ஐந்து. பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்ததை டோக்கன் அக்கா பார்த்திருந்தாள். ஓட்டை என்று ஒன்று இருந்தால் குத்துவதற்காகத்தானே இருக்கும்? தட்டிலிருந்து பல்லைக் குத்திப் பார்க்கும் ஊசிமுனைக் கம்பியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். பல ஓட்டைகளைப் பார்த்த கம்பி அது. குத்திப் பத்து எண்ணினாள். அவள் அழுத்த அழுத்தப் பெட்டியும் அவள் கைக்கு வசதியாக முன்னால் நகர்ந்து கொடுத்தது. விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன.

வெற்றி என்று நினைத்து லேப்டாப்பைப் பார்த்தால், ஆஸ்பத்திரியின் பெயரே காணாமல் போயிருந்தது.

அதோடு போனாலும் பரவாயில்லை. வரவேற்பறையில், போன தடவை வந்தபோது மருமகப்பிள்ளை தானே பாஸ்வேர்ட் அடித்துக் கொடுத்திருந்த ஆறு போன்களிலும் நெட் நின்றது. ஆறு தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. இத்தனை நேரம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

"உங்களுக்கு எந்தப் பல்லு?"

"கடவாய்ப் பல்லு. உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான். டோக்கன் எத்தனை?"

"ஏழு."

"ஏழா? என்னோடதும் ஏழுதானே!"

டோக்கன் அக்கா டோக்கன் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். காலையில் அவசரத்தில் ஏழை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் நடக்காதது இன்றைக்கென்று நடந்திருக்கிறது. "மெஷின் வெச்சா இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா?" என்று இரண்டு ஏழுகளில் ஒன்று சத்தமாகக் கேட்டது.

மணி பதினொன்று பதினெட்டு. டாக்டரம்மா கையுறையைக் கழற்றி வீசினார். "போதும்மா. நேரலை இல்லைன்னு சொல்லிடறேன். உன்மேலயும் தப்பில்ல, உன்னை நம்பின என்மேலதான்."

டோக்கன் அக்கா தன் மேஜைக்குத் திரும்பினாள். இந்த வேலை போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்றே அவளுக்குத் தெரியாது. தன் ரிஜிஸ்டர் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, கடைசித் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முதல் டோக்கன். பெயர், வயது. தொழில் என்ற கட்டத்தில் அந்த மனிதரே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: இன்ஜினியர்.

டோக்கன் அக்கா துள்ளி எழுந்தாள்.

உள்ளே டாக்டரம்மா நான்காவது ஊசியைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க டாக்டர்! அவருக்கு வலியே இல்ல. முதல்லேருந்து நமக்கு ஏதோ சொல்லிக்கிட்டே இருக்காரு. அவர் இன்ஜினியர்!"

டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"சார், நீங்க காட்டறது அந்தப் பெட்டியைத்தானே?"

இன்ஜினியர் தலையை வேகமாக ஆட்டினார்.

"அதை இறக்கணுமா?"

ஆட்டிய ஆட்டில் வாயிலிருந்து ஒரு பஞ்சு பறந்தது.

டோக்கன் அக்கா ஸ்டூலில் ஏறிப் பெட்டியை இறக்கினாள். இறக்கியபோது வெளியிலிருந்து வரும் ஒயர் கழன்றுகொண்டது. இன்ஜினியர் நெஞ்சு ஏறி இறங்கப் பெருமூச்சு விட்டார்.

"பாத்தீங்களா டாக்டர், சரியாச் செஞ்சா அவர் மூஞ்சியே தெளிஞ்சுடுது!" என்று பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் அச்சடித்திருந்தது. "சார், நான் ஓட்டையில குத்தினதுல உங்க மருமகன் வெச்ச பேரு… இல்ல, டாக்டரோட மருமகன் வெச்ச பேரு அழிஞ்சு, கம்பெனியில வெச்ச பழைய பேருக்கே இது திரும்பிடுச்சு. லேப்டாப்ல இந்தப் பேரைத்தான் தேடணும். அதானே?"

இன்ஜினியர் நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிட்டாரு. ஆமான்னு அர்த்தம்."

டாக்டரம்மாவுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. இன்ஜினியரின் முகபாவம் ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாதே என்று பெரிய விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்தார்.

"கடைசிக் கேள்வி சார். இந்த ஒயரை எந்த ஓட்டையில சொருகறது? வரிசையா இருக்கற நாலு மஞ்சள் ஓட்டையில ஒண்ணுன்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க. தள்ளி இருக்கற நீல ஓட்டைன்னா ரெண்டு தடவை. எனக்கென்னமோ நீலம்தான்னு தோணுது. வெளியிலேருந்து வர்றவனுக்குத்தானே தனி வாசல் வைப்பாங்க?"

இன்ஜினியர் இரண்டு தடவை சிமிட்டினார். பிறகு இன்னும் ஏழெட்டுத் தடவை சிமிட்டினார்.

"நீலமேதான்! அடிச்சுச் சொல்றாரு பாருங்க."

சொருகினாள். பெட்டியைத் தன் வாசல் மேஜையிலேயே வைத்தாள். லேப்டாப்பில் அந்தப் பொடி எழுத்துப் பெயரைத் தேடித் தொட்டாள். பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லியபடி ஒற்றை விரலால் அடித்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு ஏழுகளும் சண்டையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

பெருக்கல் குறி மறைந்தது.

"வந்துடுச்சு டாக்டர்! வந்துடுச்சு!"

மணி பதினொன்று இருபத்தெட்டு. வீங்கிய கன்னத்துக்காரர் வலியையும் மறந்து கை தட்டினார். டோக்கன் அக்கா புதுப் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் ஆறு தலைகளும் மறுபடி குனிந்தன. அதற்குப் பிறகு யாருக்கு எத்தனையாம் நம்பர் என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலிக்கே என்ன தோன்றியதோ, டாக்டரம்மா ஒரு தட்டுத் தட்டியதும் சமர்த்தாக நேரே வந்து நின்றது.

லேப்டாப்பை உள்ளே கொண்டுபோய் வைத்ததும் நேரலை அமர்க்களமாக நடந்தது. "இவ்வளவு அமைதியான நோயாளியை நாங்க பாத்ததே இல்ல" என்று எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் பாராட்டினார். டாக்டரம்மா பூரித்துப்போய், இன்ஜினியரை அடியோடு மறந்து, "இந்தப் பெருமையெல்லாம் எங்க ரிசப்ஷன்ல இருக்கறவங்களுக்குத்தான். யார் உதவியும் இல்லாம நெட்டை அவங்கதான் செட் பண்ணினாங்க" என்று சொல்லி, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். இருநூறு பேர் கை தட்டினார்கள். டோக்கன் அக்கா கும்பிட்டாள். கும்பிடும்போதே 'யார் உதவியும் இல்லாம' என்ற சொல் உள்ளே முள்ளாகக் குத்தியது.

பன்னிரண்டேகாலுக்கு மருமகப்பிள்ளை ஆள் உயர அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இவங்களா? இவங்களா செட் பண்ணினாங்க?"

"பின்னே நீயா பண்ணினே?" என்றார் டாக்டரம்மா. "மெஷினை வந்த வழியே எடுத்துட்டுப் போ."

அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டோக்கன் அக்காவால் முடியவில்லை. அடுத்தவர் பெருமையைத் தன் கணக்கில் போட்டுக்கொண்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"இல்ல டாக்டர். நீங்களும்தான் பாத்தீங்க, உண்மையைச் சொல்லிடறேன். நானாச் செய்யல. எல்லாம் உள்ள இருக்கற இன்ஜினியர் சார் சொல்லிக் குடுத்ததுதான். அவர் கையக் காட்டினாரு, நான் செஞ்சேன். அவ்வளவுதான்."

மருமகப்பிள்ளையின் முகத்துக்கு வெளிச்சம் திரும்பியது. "அதானே பாத்தேன்! அத்தை, நல்லா யோசிங்க. யாரோ சொன்னதை அப்படியே செய்யறதுக்கு எதுக்கு ஒரு ஆளு? அதுக்குத்தான் மெஷின் இருக்கே!" என்று அட்டைப்பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான்.

கூடவே நின்று விளக்குப் பிடித்ததை நினைத்து டாக்டரம்மா தரையைப் பார்த்தார். டோக்கன் அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பேனாவையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சிகிச்சை அறைக் கதவு திறந்தது. கழுத்தில் கட்டிய துண்டோடு, மரத்துப்போன கன்னத்தை ஒரு கையால் தாங்கியபடி இன்ஜினியர் வந்து நின்றார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரப்பர் கட்டை வைத்த பிறகு முதல் தடவையாக அவரால் பேச முடிந்தது.

"நானா சொல்லிக் குடுத்தேன்? நான் ரோடு போடற இன்ஜினியர்ங்க, எனக்கு நெட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அந்தப் பெட்டி என் தலையில விழப்போகுது, எடுங்க எடுங்கன்னுதான் அரை மணி நேரமாக் கத்தினேன், மத்த எல்லாத்தையும் அந்தம்மாவே கேட்டு அந்தம்மாவே பதிலும் சொல்லிக்கிட்டாங்க!"