கண்ணாடி பீரோவும் நேர்ந்துவிட்ட சேவலும்

மூன்றாவது கொத்துச் சத்தத்தில் செந்தூர்பாண்டி கட்டிலிலிருந்து குதித்து எழுந்தார். பட்டாசல் கூடத்தில் நின்ற புது பீரோவின் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் சேவல் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குள்ளே இன்னொரு சேவல் அதே திமிரோடு நின்றது. இரண்டும் விடுவதாக இல்லை.

"போ, சாமி. பைய வெளிய போ," என்று கும்பிட்டார். அடிக்கவும் முடியாது, கட்டிப் போடவும் முடியாது. அது சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

சித்திரையில் கிட்னியில் கல் என்று அவர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெருமாள்ராஜ் சொன்னார்: "உம்ம வீட்டுக்காரி சேவல் நேந்து விட்டுருக்கா, வே." செந்தூர்பாண்டி அழுதேவிட்டார். தனக்காக முத்துராணி இவ்வளவு உருகுவாள் என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து சேவலின் உடம்பும் தன் உடம்பும் ஒன்று என்றே நம்பினார். கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

பீரோவுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது. முத்துராணி பீடி சுற்றிச் சேர்த்து வாங்கியது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்தான் லாரியில் சேரன்மகாதேவிக்கு வந்து இறங்கியது. நேற்று முக்கூடலுக்குத் தங்கச்சி நித்யா வீட்டுக்குப் புறப்படும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"கண்ணாடியில ஒரு கீறல் கெடந்துச்சுன்னு வையுங்க, வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிருவேன்."

சேவலை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். அது வாசலில் நின்று விடாமல் கூவியது. கொஞ்ச நேரத்தில் அதற்குத் தொண்டை கட்டிக் கரகரத்தது. செந்தூர்பாண்டிக்கும் தொண்டை கரகரத்தது. பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்து முத்துராணியின் சேலை ஒன்றை எடுத்து பீரோவுக்குச் சுற்றினார். அடியில் ஒரு சாண் எட்டவில்லை. எதிரியின் கால் மட்டும் தெரிந்ததில் சேவலுக்கு வெறி கூடிவிட்டது. சேலை கிழிந்தது.

பெருமாள்ராஜ் எட்டிப் பார்த்தார். "என்ன வே, பீரோவப் பொண்ணு பாக்க வாராவளா?"

"கேலி பேசாதயும். ஒரு வழி சொல்லும்."

"கண்ணாடி மேல பேப்பர ஒட்டும். ஆளத் தெரிஞ்சாத்தான சண்டை?"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. பசை இல்லை. பழைய சோற்றைப் பிசைந்து ஒட்டினார். சோற்றைக் கண்டதும் சேவல் கோபத்தை மறந்தது. பசியில் கொத்தியது கோபத்தில் கொத்தியதைவிட வேகமாக இருந்தது. பெருமாள்ராஜ் வீட்டுக் கோழிகளும் வந்து பந்தியில் சேர்ந்துகொண்டன.

"உம்ம கோழியளக் கூப்பிடும், வே."

"சாப்புடுததுகள எப்படி வே எழுப்ப?"

அந்த நேரம் பார்த்து முத்துராணி போன் பண்ணினாள். "பஸ்ஸ விட்டு எறங்கிட்டோம். நித்யாவும் வாரா. பீரோவப் பாக்கணுமாம்."

செந்தூர்பாண்டி போனைக் கட்டிலில் எறிந்தார். "கண்ணாடிய சொவத்தப் பாக்கத் திருப்பிருவோம். வாரும், ஒரு கை பிடியும்."

இருவரும் பீரோவைச் சுவரைவிட்டு நடு வீட்டுக்கு இழுத்தார்கள். திருப்பத் தூக்கியதுமே பெருமாள்ராஜுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கையை விட்டுவிட்டார். பீரோ பின்பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

அங்கே, எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்க்கப் போன சேவல் நின்றுகொண்டிருந்தது.

"சாஞ்சா சாயட்டும், வே. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவாது," என்றார் பெருமாள்ராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"என் உசுரு அங்கன நிக்கி, வே."

செந்தூர்பாண்டி பின்னால் ஓடி, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி பீரோவை முன்பக்கம் தள்ளினார். அது இரும்புக் கட்டிலின் விளிம்பில் குப்புற விழுந்தது. கண்ணாடி ஒரு துண்டு பாக்கியில்லாமல் உதிர்ந்தது.

வாசலில் முத்துராணியும் அவள் தங்கை நித்யாவும் நின்றார்கள்.

செந்தூர்பாண்டி பயப்படவில்லை. சேவலை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"கண்ணாடி போனாப் போவுது முத்துராணி. எனக்காக நீ நேந்து விட்ட சேவலு, ஒரு எறகு உதிரல பாரு. ஒன் நேத்திய நான் காப்பாத்திட்டேன்."

முத்துராணி கொண்டுவந்த பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நித்யாதான் பேசினாள்.

"ஒங்களுக்காக யாரு அத்தான் நேந்தா? காலத்துக்கும் இந்த பீரோக் கண்ணாடி ஒடையக் கூடாதுன்னுல்லா அக்கா அந்தச் சேவல நேந்து விட்டா."