கம்ப்யூட்டருக்குப் பொரி ஊட்டிய வாத்தியார்

ஒரு கம்ப்யூட்டருக்குப் பொரி ஊட்டியவன் நான். ஊரார் சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. ஒத்தக்கடை தாண்டி, மேலூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில் நடுநிலைப்பள்ளி. அங்கே நான் அறிவியல் வாத்தியார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் என்பதால் எதையும் கொஞ்சம் அதிகச் சிரத்தையோடுதான் செய்வேன். (சாக்பீஸைக்கூட இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறேன்.)

அந்த வருடம் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து நாள் பயிற்சிக்கு யார் போவது என்று பேச்சு வந்ததும் மற்ற ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் முதுகுவலி வந்துவிட்டது. நான் போனேன். ஆறாம் நாள் 'கம்ப்யூட்டர் சார்' ஆகித் திரும்பினேன்.

பயிற்சியில் ஒரு சிடி கொடுத்தார்கள். மனித இதயம் துடிப்பதை அதில் பார்க்கலாம். எட்டாம் வகுப்பை வாரத்தில் மூன்று நாள், செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவ வைத்து உள்ளே அழைத்துப்போவேன். பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள்ளிருந்து தட்டு வெளியே வரும். சிடியை வைத்தால் உள்ளே போகும். அதற்கே கைதட்டுவார்கள். ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் எங்கெங்கே சும்மா கிடக்கிறது என்று பார்க்க அதிகாரி வருகிறார். பயன்படுத்தாத பள்ளியிலிருந்து எடுத்து வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தலைமையாசிரியை மதுரை டவுன், சௌராஷ்டிரக் குடும்பம். கோபம் வந்தால் வீட்டு மொழிக்குப் போய்விடுவார்; அன்றைக்குத் தமிழிலேயே சொன்னார். "தம்பி, லீவு முடிஞ்ச அன்னைக்கே வர்றாராம். அவர் முன்னாடி அந்த இதயம் துடிக்கணும். துடிக்கலைன்னா பெட்டி போயிரும்."

"துடிக்கும் மேடம்" என்றேன். எனக்கு அப்போதே துடித்தது.

பள்ளியில் பூஜை நடந்தது. மணி, உலக உருண்டை, நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் எட்டுப் பொட்டு. இலை போட இடமில்லாததால் எதில் படைப்பது என்று யோசித்து, என் வித்தையைக் காட்டப் பட்டனை அழுத்தினேன். தட்டு வெளியே வந்தது.

"சார், கை நீட்டுது சார்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கை நீட்டுகிறவருக்கு இல்லையென்று சொல்ல மனம் வருமா? ஒரு பிடி பொரி, கொஞ்சம் பொட்டுக்கடலை, ஒரு துண்டு வெல்லம் வைத்து சூடம் காட்டினேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. தட்டு நீட்டியது நீட்டியபடி நின்றது.

"அப்படியே விட்டா யாராவது இடிச்சு ஒடிச்சிருவாங்க. தள்ளிப் பூட்டுங்க" என்றார் தலைமையாசிரியை.

படைத்ததை உடனே எடுக்கலாமா? பூஜை போட்ட கருவியை அன்றைக்குத் தொடவே கூடாதே! காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று படையலோடு மெதுவாக உள்ளே தள்ளிவிட்டேன். அந்தக் 'காலை' நான்கு நாள் விடுமுறைக்குப் பிறகு வந்தது. அதற்குள் நான் இதயத்தை மனப்பாடம் செய்திருந்தேன், பொரியை மறந்திருந்தேன்.

அதிகாரி வந்து முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நாற்பது பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியில் என் அப்பா. நாற்று நடவை விட்டுவிட்டு, மகன் கம்ப்யூட்டர் ஓட்டுவதைப் பார்க்கக் கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

கையில் சிடியோடு பட்டனை அழுத்தினேன். 'கரகர' என்றது. இன்னொரு தடவை அழுத்தினேன். தட்டு பாதி வந்து, ஒரு உதறு உதறியது. அதிகாரியின் திறந்த ஃபைலில் பொரி சிதறியது. பின்னாலேயே வெல்லம் தின்று கொழுத்த எறும்புகள் வரிசையாக இறங்கின.

ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "ஏப்பா, அதுக்குப் பொரி ஒத்துக்கல போலருக்கே, துப்பிருச்சு!"

தலைமையாசிரியை வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

"யார் இதை உள்ள வச்சது?" அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்."

மூன்றாம் வரிசையில் செல்வி எழுந்தாள். "சார் மட்டுமில்ல சார். வெல்லம் எங்க வீட்டு வெல்லம்."

"பொட்டுக்கடலை நான் சார்" என்று இன்னொருத்தன் எழுந்தான். பிறகு வகுப்பே எழுந்து நின்றது.

அதிகாரி செல்வியைப் பார்த்தார். "அந்தத் தட்டு வெளிய வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்கதான சார் எப்பவும் சிடி போடுறோம்! ஓரத்தைத்தான் பிடிக்கணும், நடுவுல ரேகை படக்கூடாது. ரத்தம் வலது பக்கமா உள்ள வந்து நுரையீரலுக்குப் போகும். இடது பக்கமாத் திரும்பி வந்து ஒடம்பு பூராம் போகும். அம்புட்டும் அதுல பாத்ததுதான் சார்."

அதிகாரி ஃபைலிலிருந்து எறும்பைத் தட்டிவிட்டார். உதடு துடித்தது, சிரித்தேவிட்டார். "காலையில ரெண்டு ஸ்கூல் பார்த்தேன். ஒண்ணுல இன்னும் அட்டைப்பெட்டியே பிரிக்கல. இன்னொண்ணுல மேல போர்த்தின துணியை எடுக்க ஆள் இல்ல. நீங்க பொரி வைக்கிற அளவுக்காவது பழகியிருக்கீங்க" என்று சொல்லி எழுதினார்: 'கணினி நல்ல பயன்பாட்டில் உள்ளது. தின்பண்டம் தவிர்க்கவும்.'

பெட்டி பிழைத்தது. கோரிப்பாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் அதைத் திறந்து ஊதியபோது இன்னும் ஒரு கைப்பிடி பொரி வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும், மிக்ஸியோ வாஷிங் மெஷினோ, அப்பா கேட்கும் முதல் கேள்வி, "பொரி வச்சாச்சா?" என்பதுதான். சொந்தக்காரர் கல்யாணங்களில்கூட என்னை, "இவன்தான் அந்தப் பொரி வாத்தியார்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்த்தால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

போன மாதம் புது லேப்டாப் வாங்கினேன். அப்பா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார், பக்கவாட்டில் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்:

"ஏப்பா, இதுக்கு வாயே இல்லையே. பாவம், ஆயுத பூசைக்கு என்ன செய்யும்?"