கலெக்டர் ஆபீஸ் வாசலில் என் தேர்வாளர்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். பால்காரர் வழக்கத்தைவிட அகலமாகச் சிரித்தால் அன்றைக்குத் தண்ணீர் ஜாஸ்தி என்று முடிவு கட்டுவேன். ஆட்டோக்காரர் நியாயமான வாடகை கேட்டால் அடுத்த ஆட்டோவுக்குப் போய்விடுவேன். (அவர் அநியாயமாகக் கேட்பார். அதில் ஒரு நிம்மதி.)

இப்படிப்பட்ட நான் ஆன்லைனில் சிறப்புக் கல்வி மேற்படிப்பில் சேர்ந்ததே அதிசயம். அடி அண்ணாமலையில், சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. பட்டம் இருந்தால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். ஆனால் செல்போனுக்குள் பாடம் நடத்துபவர்கள் நிஜ மனிதர்கள்தானா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. ஒரு பேராசிரியரை, அவர் நடுவில் தும்மிய பிறகுதான் நம்பினேன்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் நேரில் வந்து நான் பாடம் நடத்துவதைக் கவனித்து மார்க் போடுவார். தவறவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். 'தேர்வாளர் உங்களைத் தொடர்புகொள்வார், விவரம் இணைப்பில்' என்று மெயில் வந்தது. இணைப்பை நான் திறக்கவில்லை. (வைரஸ் வந்துட்டா?)

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"வணக்கம்மா, நான் வசுமதி. நாளைக்கு உங்களுக்கு நான்தான் எக்ஸ்டர்னல். உங்க பதிவு எண்ணைச் சொல்றீங்களா?"

"ஐடி கார்டையே போட்டோ எடுத்து அனுப்பட்டுமா மேடம்?" என்று தூண்டில் போட்டேன்.

"போட்டோ வேணாம்மா. நீங்களே எழுத்து எழுத்தா படிங்க."

எழுத்து எழுத்தாகவா! அடுத்து ஓடிபிதான் கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு, பின்னால் இன்னொரு பெண் மூச்சே விடாமல் கடகடவென்று இங்கிலீஷில் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சந்தேகமே இல்லை, பெரிய கும்பல்.

"சிக்னல் சரியில்ல, வீடியோ கால்ல வாங்க மேடம்" என்றேன். உடனே வந்தாள். திரையில் ஒரு ஃபேன் சுற்றியது. நானும் ஒரு நிமிஷம் பார்த்தேன். ஃபேன் மட்டும்தான். முகத்தைக் காட்டாமலே, "நாளைக்குப் பத்து மணிக்கு எங்க வரணும்?" என்று கேட்டாள்.

போனைப் பொத்திக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மோசடி எச்சரிக்கைகளை அனுப்பி அனுப்பியே நிபுணர் ஆனவர் அவர். "வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வரச் சொல்லு கலா. பிராடா இருந்தா அந்தப் பக்கமே தலை வெச்சிப் படுக்க மாட்டா" என்றார்.

அப்படியே சொன்னேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சாப்பிட்ட மெதுவடையில் ஒரு வெற்றியின் ருசி இருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கே மையத்தில் தயாராக இருந்தேன். பாடம், காய்கறிகளை அடையாளம் காண்பது. சுவர் முழுக்க வண்ண வண்ண சார்ட். என் மாணவி தர்ஷினிக்கு ஒன்பது வயசு. வாய் திறந்து பேசமாட்டாள். புதியவர்கள் வந்தால் மேஜைக்கு அடியில் போய்விடுவாள்.

பத்தாயிற்று, பத்தரையாயிற்று. உண்மையான தேர்வாளரைக் காணோம். அந்தப் பிராடு நம்பர்தான் விடாமல் அடித்தது. ஐந்து முறை கட் செய்தேன், ஆறாவது முறை பிளாக் செய்தேன். பதினொரு மணிக்கு எங்கள் படிப்பின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார்.

"என்னம்மா நீங்க? வசுமதி மேடம் ஒரு மணி நேரமா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. போன எடுக்க மாட்டேங்கறீங்களாம்! அவங்களுக்குப் பார்வை கிடையாது, தனியா பஸ் ஏறி வந்திருக்காங்க. எல்லாம் அந்த மெயில்லயே இருக்குதே, படிக்கலயா?"

அப்போதுதான் விளங்கியது. நேற்று போனில் பின்னால் கடகடவென்று பேசியது, திரையில் இருப்பதை அவருக்குப் படித்துச் சொல்லும் மென்பொருள். அதைப் பற்றி நான் பரீட்சையில் ஐந்து பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்!

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஆபீஸ் எதிரில் டீக்கடை நிழலில், மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்து, ஐம்பது வயசுப் பெண்மணி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் கலாவா? கண்ணு தெரியாதவங்கள வரச் சொல்லிட்டு போன ஆஃப் பண்றீங்களா? எந்த கும்பல் நீங்க? கார்டை எடுங்க."

எடுத்து நீட்டினேன். வசுமதி மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கார்டு சாருக்கு. எனக்கு எழுத்து எழுத்தா படிங்கம்மா."

நடுரோட்டில் நின்று படித்தேன். டீக்கடையே கேட்டது.

ஸ்கூட்டியில் போகும்போது என் சந்தேகத்தையெல்லாம் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்து வந்தவர் வழி முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஃபேன் நல்லாத் தெரிஞ்சிதா?"

மையத்துக்கு வந்து பாடத்தை ஆரம்பித்தேன். "இது தக்காளி" என்று சார்ட்டைத் தொட்ட பிறகுதான் உறைத்தது, இத்தனை சார்ட்டும் அவருக்கு வெறும் சுவர். அப்போது மேஜைக்கு அடியிலிருந்து தர்ஷினி வெளியே வந்தாள். மேடத்தின் கையைப் பிடித்துச் சார்ட்டின்மேல் வைத்தாள். அவர் விரல்கள் காகிதத்தைத் தடவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேராகப் போய், வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த என் காய்கறிப் பையைக் கவிழ்த்து, ஒரு தக்காளியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அடுத்து கத்தரிக்காய். அடுத்து வெங்காயம்.

மேடம் வெங்காயத்தை மோந்துவிட்டுச் சிரித்தார். தர்ஷினியும் சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது. (வெங்காயம் காரணமில்லை.)

"இந்தப் பொண்ணுக்கு முழு மார்க்" என்றார் மேடம். "உங்களுக்குத்தான் யோசிக்கணும்."

யோசித்துப் பாஸ் போட்டார். மறு வருஷமே அவர் எங்கள் படிப்புக்குப் பாடம் நடத்த வந்துவிட்டார். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வகுப்பில், "திருவண்ணாமலைல ஒரு அம்மா..." என்று ஆரம்பித்து, கான்ஸ்டபிள் குரலில்கூடப் பேசிக் காட்டுவார். பெயரை மட்டும் சொல்லமாட்டார். பழைய மாணவி என்று என்னையும் அந்த வகுப்புக்குக் கூப்பிடுவார். நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் புது மாணவி ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, நீங்களும் திருவண்ணாமலைதானே? அந்த அம்மா யாருன்னு தெரியுமா?"

"தெரியலயேம்மா" என்றேன். "ஆனா பாவம், நல்லவங்களாத்தான் இருப்பாங்க."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் புரையேறி, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் அடங்கியது.