ஆறாவது மாடியில் மயங்கிக் கிடந்தேன்

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. படுத்திருப்பது.

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பொம்பாக்காரர்கள் வந்திருந்தார்கள். தீயை அணைக்க அல்ல, தீப்பிடிக்காமல் இருக்க வழி சொல்ல. கேஸ் ரப்பர் குழாயை எப்போது மாற்றுவது, எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லாம் சொன்னார்கள். நான் பதினோரு குறிப்பு எழுதிக்கொண்டேன். பிறகு ஒத்திகை.

"ஒருத்தர் மயங்கி விழுந்த மாதிரி ஆறாவது மாடியில கெடக்கணும். பேசக் கூடாது, கண்ணத் தொறக்கக் கூடாது. யார் வரீங்க?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

கூடியிருந்த அறுபத்து மூன்று பேரும் என்னைக் கைகாட்டினார்கள். பேசாமல் இருப்பதில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர்!

"அங்கிள், நீங்க வாயத் தொறந்தா ஒத்திகை ஃபெயில். எல்லாரும் மறுபடி மேல ஏறி, முதல்லேருந்து எறங்கணும். லிஃப்ட் கெடையாது."

எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

"படுக்கிறது ஒரு வேலை. அதையாவது ஒழுங்கா செய்ங்க," என்றாள்.

பின்பக்கப் படிக்கட்டருகே மல்லாந்து படுத்தேன். மணி அடித்தது. மனதுக்குள் நொடிகளை எண்ணினேன். இருநூற்று நாற்பதில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம். பொம்பாக்காரர் என்று நினைத்தேன். ஆனால் பொம்பாக்காரர் மேல் கருவாட்டு வாசனை ஏன் அடிக்கிறது?

பக்கத்து வீட்டுப் பார்வதி! காலையிலேயே பாசாருக்குப் போனவர். ஒத்திகை விவரம் தெரியாது.

"ஐயோ, அண்ணே விழுந்து கெடக்காரு! பாய், ஓடி வாங்க!"

அவருடைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் மளிகைக்கடை ஹமீது பாய்.

"பொம்பாவக் கூப்பிடுவமா?" என்றார் பாய்.

"அவங்க கீழதான் இருக்காங்க. ஏதோ பயிற்சியாம்."

"அப்ப தொந்தரவு பண்ண வேணாம்லா. வேலையா இருப்பாங்க."

பார்வதி பையிலிருந்து வெங்காயத்தை எடுத்து நசுக்கி என் மூக்கில் வைத்தார். கண்ணீர் கொட்டியது.

"அழுவுறாரு பாய்!"

"அப்ப உசுரு இருக்கு!"

அடுத்தது தைலம். நெற்றியில் தேய்த்தது கண்ணுக்குள் இறங்கியது. தாங்கினேன். ஒன்பது மாடி, இரண்டு முழங்கால்!

"நல்ல மனுஷன் பாய். வாயே தொறக்க மாட்டாரு."

"நல்லவருதான். ஆனா எண்ணியே நம்மள சாகடிப்பாரு. முப்பது முட்டத் தட்டு வாங்குனா, நின்னு முப்பதையும் எண்ணுவாரு!"

ஒரு முறை இருபத்தொன்பதுதான் இருந்தது. சொல்லத் துடித்தேன். சொல்லவில்லை.

"வலிப்பா இருக்கும். கையில இரும்பு குடுக்கணும்," என்று பார்வதி தன் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார்.

என் விரல்கள் சும்மா இருக்கவில்லை. எட்டுச் சாவி. ஐந்தாவதன் தலையில் கம்பி, மூன்று சுற்று. சுற்றியவன் நான்! என் பொறுப்பில் இருந்த குடியிருப்போர் சங்கத்து நாற்காலி அறைச் சாவி! தன் மகள் பிறந்தநாளுக்கு நாற்காலி எடுக்க வாங்கிப் போன பார்வதி, திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஏழு மாதமாகச் சாதிக்கிறார். தொலைத்தவன் நான் என்று ஊரே சொன்னது.

மனைவியின் முழங்காலை நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன்.

"இது நாற்காலி அறைச் சாவி!" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

பார்வதி அலறியது கீழ்த்தளம் வரை கேட்டதாம். பாய் நான்கு படி பின்னோக்கி இறங்கிவிட்டார். அங்கே ஸ்ட்ரெச்சரோடு அதிகாரி அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள், பேசிட்டீங்களா?"

"இல்லயே," என்றேன்.

அறுபத்து மூன்று பேரும் மறுபடி ஏறினார்கள். என் மனைவி ஒன்பதாவது மாடியைத் தொட இருபத்தாறு நிமிடம். கூடவே ஏறி, ஆறுதலுக்குச் சாவியைக் காட்டினேன்.

"அந்தப் பூட்ட ஒடச்சிட்டு வேற போட்டு ஆறு மாசமாச்சே!"

உண்மைதான். உடைத்ததும் நான், புதுப் பூட்டு போட்டதும் நான்.

இரண்டாவது ஒத்திகைக்கு என்னைப் படுக்க விடவில்லை. பாய் கடையிலிருந்து ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

தேர்ச்சி பெற்றோம். மூட்டை கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.