பச்சைக் கண்ணாடியும் பாடாத ஒப்பாரியும்

சாவு வீட்டுல அழுவுறதுக்கும் ஒரு தெறம வேணும். அந்தத் தெறம எங்கிட்டதான் இருக்குன்னு நான் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க ஊரு சீர்காழிக்குக் கெழக்க, வாய்க்கா ஓரத்துல. அங்க யாரு செத்தாலும், "குஞ்சம்மாவுக்குச் சொல்லியாச்சா?"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. நான் போயி, முடிய அவுத்து வுட்டுட்டு, ரெண்டு பக்கமும் உள்ள பொம்பளைவ தோள்ல கையப் போட்டுக்கிட்டு ஒப்பாரிய எடுத்தேன்னா, செத்தவரோட வரப்புத் தகராறு பண்ணுன ஆளு கூட துண்டால கண்ணத் தொடச்சுக்குவாரு. (செத்தவங்க யாரும் எந்திரிச்சு 'நல்லா இருந்துச்சு'ன்னு சொன்னதில்ல. அது என் சொந்த அபிப்பிராயம்.)

எங்க ஓரகத்தி தையல்நாயகி அக்காவுக்கு இது நல்லா தெரியும். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு, ஒரே கொல்லையில துணி காயப் போட்டு, வருஷத்துல பாதி நாள் பேசிக்குவோம், பாதி நாள் பேசிக்க மாட்டோம். அதுக்கு ஒரே மவன் முருகேசன். சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேல. எம் மவன் குவைத்துல. எங்க தெருவுல அப்பவே ஆம்பளப் புள்ளைவ எல்லாம் போன்லதான் இருந்தானுவ.

ஒரு நாள் பம்புசெட்டுல துணி தொவைக்கயில அக்கா சொல்லிச்சு:

"ஏ குஞ்சு, எம் மவன் ப்ளேன்ல வந்து, கண்ணாடிப் பொட்டிய எட்டிப் பாத்துட்டு, திரும்பப் போற டிக்கெட்ட எடுத்துப் பாப்பான். அவனுக்கு அழுவத் தெரியாது, அப்பன் செத்தப்பவே முழிச்சுக்கிட்டு நின்ன பய. எனக்குன்னு வாய் வுட்டு அழுவ நீதாண்டி இருக்க. பாடுவியா?"

"பாடுறேங்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"எங்க, இப்ப ரெண்டு வரி பாடு. கேட்டுட்டாவது சாவுறேன்."

"நீங்க செத்தாத்தான்க்கா எனக்கு வார்த்தை வரும்"னேன்.

"என்னா கொழுப்பு பாரு இவளுக்கு"ன்னு ஈரத் துணியால முதுவுல ஒன்னு வச்சுது. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அப்புறம்தான் என் பல்லு ஆரம்பிச்சுது. கடவாப் பல்லுக்கும் பின்னால ஒன்னு. ஞானப்பல்லாம். நேரா மொளைக்காம, வாழ்நாளு பூரா படுத்தே கெடந்து, பக்கத்துல ஒழைக்கிறதையும் சேத்துக் கெடுத்து வச்சிருந்துச்சு. (யாரு ஞாபகம் வருதுன்னு கேக்காதீங்க. புருஷன் பேர நாங்க சொல்றதில்ல.) வலி தாங்காம மருமவ சுமதிய இழுத்துக்கிட்டு மாயவரம் போனேன். பல் டாக்டரு ஒரு சின்னப் பொண்ணு, முக்காடு போட்டுக்கிட்டு, பேரு பர்வீன். அவங்க அத்தா சவூதியில ஒட்டகம் மாதிரி ஒழைச்சுப் படிக்க வச்சாராம். அந்தப் பொண்ணு ஈற அறுத்து, பல்ல ரெண்டாப் பொளந்து எடுத்துச்சு. வாயில பஞ்ச வச்சு, "பேசக் கூடாதும்மா"ன்னுச்சு. சுமதி மொகத்துல அப்படி ஒரு நிம்மதிய நான் அவ கல்யாணத்துல கூட பாக்கல.

வீட்டுக்கு வந்தா, அக்கா எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு. நான் வாயத் தொறக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் சேலையச் சரி பண்ணிக்கிட்டு ஆரம்பிச்சுது பாருங்க. நான் வாக்கப்பட்டு வந்த அன்னிக்கு வச்ச கொழம்புல இருந்து, போன வாரம் அது கொடியில நான் போர்வைய காயப் போட்டது வரைக்கும் ஒன்னு வுடல. நான் "ம்ம்... ம்ம்..."னு கைய ஆட்டுனா, "என்னா? பதில் சொல்லு. வாயில என்னா, வெரலக் குடுத்தா கடிக்கத் தெரியாதோ?"ங்குது. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுது. போவயில வாசப்படியில நின்னு, "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தாண்டி நான் முழுசா பேசியிருக்கேன்"னுச்சு.

நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்: இருங்க, இந்தப் பஞ்சு வெளிய வரட்டும். வச்சுக்குறேன் உங்களுக்கு.

பஞ்சு வெளிய வந்துச்சு. வாயி தொறக்கல. கன்னம் பொரி உருண்டை கணக்கா வீங்கிப் போயி, தாடை பூட்டிக்கிச்சு. ஒரு வெரலு போற எடந்தான். கஞ்சிய உறிஞ்சிக் குடிச்சுக்கிட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு கன்னத்துல பத்துப் போட்டுக்கிட்டு படுத்திருந்தேன். அப்பத்தான் ஒரு விடியக்காலையில சுமதி ஓடியாந்தா.

"அத்த... பெரியத்த போயிட்டாங்க அத்த. பாலு காய்ச்ச அடுப்படிக்குப் போனவங்க, அங்கயே சாஞ்சுட்டாங்க."

நான் எப்படிப் போனேன்னு தெரியல. அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வாயத் தொறந்தேன். "ங்ஙே"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு, கன்னுக்குட்டி மாதிரி. பொம்பளைவ எல்லாம் சுத்தி உக்காந்து என்னையப் பாத்தாளுவ. யாரும் ஆரம்பிக்கல. இது எனக்கும் அதுக்கும் உள்ள பேச்சுன்னு ஊருக்கே தெரியும்.

முருகேசனுக்குச் சொல்லி வுட்டாங்க. அவன் டிக்கெட்டு கெடச்சு வர மறுநாளு சாயங்காலம் ஆவும்னாங்க. ஐஸ் பொட்டி வந்து எறங்குச்சு. அதோட மைக்செட்டுக்காரனும் வந்துட்டான். நான் தெணறுறதப் பாத்துட்டு, "கவலப்படாதீங்க ஆச்சி, நம்மகிட்ட ஒப்பாரி சிடி இருக்கு"ன்னு போட்டு வுட்டான். அது எவனோ அப்பனுக்குப் பாடுனது. "என்னப் பெத்த அய்யாவே, மீச வச்ச ராசாவே"ன்னு கூம்பு ஒலிபெருக்கியில அலறுது. உள்ள படுத்திருக்குறது எங்க அக்கா. மீசைக்கு எங்க போறது?

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. முருகேசன் வர்றதுக்குள்ள என் வாயி தொறக்கணும். அவ்வளவுதான். சுமதி கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு மாயவரம் பஸ்ஸு ஏறிட்டேன்.

டாக்டரு பொண்ணு பாத்துட்டு, "என்னம்மா கன்னத்துல இது, சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி?"ன்னுச்சு. எனக்கு வெவரம் சொல்ல முடியல. சுமதி வெளிய போன்ல எம் மவனுக்குச் சொல்லிக்கிட்டு நிக்கிறா. சரி, கையால காட்டுவோம்னு, கொண்டைய அவுத்து வுட்டேன். ரெண்டு கையாலயும் நெஞ்சுல பட்டு பட்டுன்னு அடிச்சுக் காட்டுனேன். கண்ண மூடி தலைய இப்படியும் அப்படியும் ஆட்டுனேன்.

அந்தப் பொண்ணு வெலவெலத்துப் போச்சு. "நெஞ்சு வலிக்குதா? மூச்சு முட்டுதா?"ன்னு என்னைய நாக்காலியோட பின்னால சாச்சு, கையில பட்டையச் சுத்தி பிரஷரு பாக்குது. நான் இல்ல இல்லன்னு இன்னும் ரெண்டு அடி அடிக்கிறேன். "அடிச்சுக்காதீங்கம்மா, படுங்க! ஆம்புலன்ஸ் சொல்லுங்க!"ன்னு கத்துது. வெளிய உக்காந்திருந்த பல்லு வலிக்காரங்க ரெண்டு பேரு வலி நின்னு போயி எந்திரிச்சுப் போயிட்டாங்க. சத்தம் கேட்டு சுமதி ஓடியாந்து, "அய்யோ டாக்டர், அவங்களுக்கு ஒன்னும் இல்ல, ஒப்பாரி பாடணுமாம்!"னா.

டாக்டரு அப்படியே உக்காந்துருச்சு. சிரிக்கவும் முடியல, அழுவவும் முடியல அதுக்கு. முழுக் கதையும் கேட்டுட்டு என் கையப் புடிச்சுக்கிட்டு சொல்லிச்சு: "அம்மா, லேசர் லைட்டுன்னு ஒன்னு வச்சிருக்கேன். வீக்கத்து மேல காட்டுனா வலி கொறையலாம், தாடை கொஞ்சம் எளகலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஒரே நாள்லயும் கேக்காது. இன்னிக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் காட்டிப் பாப்போம்."

கன்னத்துல இருந்த மஞ்சப் பத்தக் கழுவி எடுத்துச்சு. என் கண்ணுக்கு ஒரு பச்சைக் கண்ணாடி மாட்டிச்சு. "இந்த லைட்டு கண்ணுல படக் கூடாது, கழட்டாதீங்க"ன்னுச்சு. பேனா கணக்கா ஒரு குச்சி, நுனியில வெளிச்சம். கன்னத்துல வச்சு வச்சு எடுத்துச்சு. நான் சுடும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குறேன். (கடிக்கிறது ஒன்னுதான் அந்த வாயால முடிஞ்சுது.) சுடல. குத்தல. ஒன்னுமே இல்ல. சாமி கோயில்ல தீபாராதன காட்டுன மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதானான்னு எனக்கு ஏமாத்தமாப் போச்சு. நாளைக்குக் காட்டுறதையும் சேத்து இப்பவே காட்டச் சொல்லுன்னு சுமதிகிட்ட சைகை காட்டுனேன்.

"அப்படிக் காட்டக் கூடாதும்மா. அளவுக்கு மேல போனா பலன் கொறையும்."

நமக்கு எங்க புரியுது? வாய்க்கால்ல தண்ணி வர்ற அன்னிக்கே மடையத் தொறந்து எல்லாத்தையும் பாய்ச்சிக்கிற சனம் நாம. அடுத்த மொற தண்ணி வரும்னு எவன் கண்டான்?

மறுநாளு மத்தியானம் ரெண்டாவது தடவ. வாயி ரெண்டு வெரலு தொறந்துச்சு. எனக்கு நம்பிக்க வந்துருச்சு. நாக்காலியில படுத்துக்கிட்டே பாட்டக் கட்டுனேன்:

'நடவுக்கு முன்னால நாத்தா நிமிந்தவளே,
அறுப்புக்கு நாளிருக்க ஆத்தோட போனவளே...'

இன்னும் நாலு கண்ணி வந்துச்சு. என் வாழ்நாள்ல அது மாதிரி வந்ததில்ல. லைட்டு அந்தப் பக்கம் ஓடுது, பாட்டு இந்தப் பக்கம் ஓடுது. அப்பப் பாத்து சுமதி போனு அடிச்சுது.

"அத்த! முருகேசன் அத்தான் வந்துட்டாங்களாம். மழ இருட்டிக்கிட்டு வருதாம், சீக்கிரம் எடுக்கணுங்குறாங்க!"

எந்திரிச்சு ஓடுனேன். டாக்டரு பின்னால ஏதோ கத்துச்சு. யாரு காதுல வாங்குனது? பஸ்ஸுல ஏறுனா, ஒருத்தரு எந்திரிச்சு, "கண்ணு ஆபரேசனா? உக்காருங்கம்மா"ன்னு எடம் குடுத்தாரு. எதுக்குன்னு புரியல. மழ இருட்டுல ஊரே பச்சை அடிச்ச மாதிரி இருக்குன்னுதான் நெனச்சேன்.

வாசல்ல பாடை கட்டி முடிச்சுட்டாங்க. "குஞ்சம்மா வந்தாச்சு, வழி வுடுங்க!" சிடிய நிறுத்துனான். கூட்டம் வெலகிச்சு. நான் கொண்டைய அவுத்துக்கிட்டே உள்ள போயி, பொட்டிக்குள்ள எட்டிப் பாத்தேன். அக்கா பச்சையா இருந்துச்சு. நெத்தி, கன்னம், கட்டுன மாலை எல்லாம் பச்சை. ஐஸ் வச்சு வச்சு என் அக்காவ இப்படிப் பண்ணிட்டானுவளேன்னு எனக்கு அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் கெளம்புச்சு. தோள்ல கையப் போட்டேன். வாயத் தொறந்தேன்.

தாடை பாதியில நின்னுருச்சு. பூட்டு வுழுந்த மாதிரி. அடிச்ச ஓட்டத்துல வீங்கிச்சா என்னான்னு தெரியல.

"நவவுக்கு... வுன்னாவ... ஆத்தா... வ்விவிந்தவவே..."

எச்சி ஒழுவுது. அப்புறம் 'அறுப்புக்கு'ன்னு இழுத்தேன். அது வேற எதாவோ வந்துச்சு, இங்க சொல்ல முடியாது. ஒரு பொம்பள முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டா. இன்னொருத்தி தோளு குலுங்குது. அழுவுறாளாக்கும்னு பாத்தா, இல்ல.

பொட்டிக்குத் தலமாட்டுல முருகேசன் நிக்கிறான். பேன்ட்டு சட்டையோட, ப்ளேன்ல குடுத்த சீட்டு கூட பையிலருந்து கிழிக்கல. வந்ததுலேருந்து கல்லு மாதிரி நிக்கிறானாம். என்னைய மேலயும் கீழயும் பாத்தான்.

"சின்னம்மா... என்னா சின்னம்மா இது கண்ணாடி?"

கையத் தூக்கி மொகத்துல வச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது.

முருகேசனுக்கு 'புர்ர்'னு சிரிப்பு வந்துருச்சு. பெத்த தாயி பொட்டி முன்னால. அடக்கப் பாத்தான், முடியல. பொட்டியில கைய ஊனிக்கிட்டு, "அம்மா... சின்னம்மாவப் பாரும்மா... எந்திரிச்சுப் பாரும்மா"ன்னு சிரிச்சான். மறுபடியும் "பாரும்மா"ன்னான். அந்த மூணாவது "பாரும்மா"வுல கொரலு ஒடஞ்சுது. கண்ணாடி மேல தலையப் போட்டுக்கிட்டு சின்னப் புள்ளையாட்டம் அழுதான். அப்பன் செத்தப்ப அழுவாத பய. கூட்டமே அழுதுச்சு. அழுவாத ஒரே ஆளு நான்தான். கையில கண்ணாடிய வச்சுக்கிட்டு, வாயப் பாதி தொறந்தபடிக்கு நின்னேன்.

நான் கட்டுன பாட்ட யாரும் கேக்கல. மழைக்கு முன்னாடி எடுத்துட்டாங்க.

காடாத்து முடிஞ்சு, சாம்பலக் கரைச்சுட்டு, லீவு இல்லன்னு முருகேசன் திரும்பிப் போனான். இன்னும் ரெண்டு தடவ லைட்டு காட்டிக்கிட்டேன். கருமாதிக்குள்ள வாயி நல்லா தொறந்துச்சு. லைட்டு தொறந்துச்சா, நாளாவ நாளாவ தானாத் தொறந்துச்சான்னு டாக்டரு பொண்ணே அடிச்சுச் சொல்லல. கண்ணாடியத் திருப்பிக் குடுத்தப்ப, "பாடுனீங்களாம்மா?"ன்னு கேட்டுச்சு. "ஊரே சிரிச்சு அழுதுச்சு"ன்னேன்.

கருமாதி அன்னிக்கு அக்கா படத்துக்கு முன்னால உக்காந்தேன். வாயத் தொறந்தேன். பாட்டு வரல. அதுக்கப்புறம் எந்தச் சாவு வீட்டுலயும் வரல. "பேசி முடிச்சாச்சாக்கா?"ன்னு மட்டும் கேட்டேன். அது சிரிச்ச மாதிரியே இருந்துச்சு படத்துல.

எங்க வீட்டுல இன்னிக்கும் யாராவது செத்த சேதி வந்தா, பேரப் புள்ளைவளோட மொத பேச்சு, "அப்பாயிக்கு வாய் தொறக்குதான்னு பாருங்க"ங்குறதுதான். முருகேசன் வீடியோவுல கூப்புட்டா, "சின்னம்மா, கண்ணாடி எங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் நலம் விசாரிப்பான். நானும் திருப்பிக் குடுத்தத சொல்லாம, "அடுத்த தடவைக்கு எடுத்து வச்சிருக்கேண்டா"ம்பேன்.

போன மாசம் சென்னையிலேருந்து சுமதி மவ போன் பண்ணுனா. கம்பெனியில வேல பாக்குறா. "அப்பாயி, எனக்கு ஞானப்பல்லு படுத்து மொளைக்குதாம். புடுங்கணும்னு சொல்றாங்க. ஆனா இப்ப லீவு இல்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு இருக்கேன்"னா.

"அடியே, வேணாண்டி. லீவு போட்டுட்டு இப்பவே புடுங்கிக்க"ன்னேன். "நான் நடமாடிக்கிட்டு இருக்கும்போதே புடுங்கிக்க. நல்லா ஆறட்டும்."